ஞாயிற்றுக்கிழமைத் திருத்து – 6: நாலு தந்தி, இரண்டு விரல்

போன முறை தையல் மெசின், அதுக்கு முதல் சித்தியின்ர கிரைண்டர். இந்த முறை கொஞ்சம் நீளமான சாமான். பழைய பேஸ் கிற்றார் ஒண்டு.

"உனக்கு வாசிக்கத் தெரியுமோ?" எண்டு கேக்கப் போறியள். தெரியாது. தையல் மெசினைத் திருத்தேக்கையும் எனக்குத் தைக்கத் தெரியாதுதானே :-)

சாமான் வந்த வழியை முதலில சொல்லிவிடுறன். சனிக்கிழமைகளில நான் லாச்சப்பல்ல ஒரு கடையில நிக்கிறனான். அங்க வழமையா வாற ஒரு அண்ணை, 93இல பாரிசுக்கு வந்தவர். தொண்ணூறுகளில இங்கத்தைக் கலியாண வீடுகளுக்கு வாசிச்ச ஒரு இசைக்குழுவில பேஸ் வாசிச்சவராம். பிறகு ஒவ்வொரு குழுவாக கீபோர்டுக்கு மாறிச்சுது. கீபோர்ட்காரரின்ர இடது கையே பேஸ் வேலையையும் பார்த்தால், நாலாவது ஆளுக்கு எதுக்குச் சம்பளம்? அதோட 2004இல அண்ணைக்கு வேலைக் குசினியில இடது கை வெட்டுப்பட்டது. மோதிர விரலும் சின்ன விரலும் முழுசா மடங்காது. கிற்றார் கட்டிலுக்குக் கீழ போச்சுது.

"நாப்பது யூரோ தா தம்பி. சும்மா தந்தால் நீயும் கட்டிலுக்குக் கீழதான் வைப்பாய்" எண்டார். குடுத்தன். கார் து நோர்ல ஏறி, ஆர்.ஈ.ஆர் பேயில ஓல்னே மட்டும், மடியில ஒரு சவப்பெட்டி மாதிரிப் பெட்டியோட வந்து சேர்ந்தன்.

தென் கொரியாவில எண்பதுகளின்ர கடைசியில செய்த சாமான். பேர் பெரிசில்லை. அமெரிக்காவில ஃபெண்டர் 1951இல வெளியிட்ட 'பிரிசிஷன்' பேஸின்ர நகல். அந்தப் பேருக்கு ஒரு காரணம் இருக்கு. அதுக்கு முதல் பேஸ் எண்டால் ஆள் உயரத்தில நிண்டுகொண்டு வாசிக்கிற பெரிய மரப் பேஸ். அதில மெட்டு இல்லை, விரலை எங்க வைக்கிறது எண்டதைக் காதுதான் சொல்லவேணும். ஃபெண்டர் மெட்டு வைச்சுக் குடுத்தது, சுருதி பிசகாது, அதனால பிரிசிஷன்.

'ஃபிரெட்' எண்டு எல்லாரும் சொல்லுறதை நான் மெட்டு எண்டு எழுதிறன். வீணை படிச்ச ஆக்களுக்கு விளங்கும். வீணையில 24 மெட்டு, மெழுகில பதிச்சிருக்கும். வருசக்கணக்கா வாசிக்க மெட்டு தேயும், வெக்கைக்கு மெழுகு இளகும், சுருதி விலகும். அப்ப ஆளைக் கூப்பிட்டு மெழுகைத் திரும்ப வார்த்து மெட்டை அமைக்கிறது. அதுக்கு 'மேளம் கட்டுறது' எண்டு பேர். வீணைக்காரர் ஒருத்தரும் அதைப் 'பழுது' எண்டு சொல்லமாட்டினம். அது வீணையின்ர சீவியத்தில ஒரு பங்கு. கிற்றாருக்கும் அப்பிடித்தான், ஆனா மெட்டு மரத்துக்குள்ள அறைஞ்சிருக்கிறதால நாங்கள் அது நிரந்தரம் எண்டு நினைச்சுப்போடுறம்.

சரி, பெட்டியைத் திறந்தன்.

என்ன நிலைமை எண்டால்:

தந்தி நாலும் துரு. குதிரையில இருக்கிற சின்ன ஆணிகள் வியர்வை உப்பில இறுகிப்போச்சு. கழுத்து வில்லு மாதிரி முன்னுக்கு வளைஞ்சிருக்கு. முதல் ஐஞ்சு மெட்டிலயும் தந்தி ஓடின பள்ளம். சத்தக் குமிழைத் திருப்பினால் அப்பளம் நொறுங்கிற சத்தம். வயர் செருகிற இடம் ஆடுது. உடலில வலது முழங்கை படுற இடத்தில கறுப்புப் பெயின்ற் முழுக்கப் போய் மரம் தெரியுது.

சிநேகிதப் பொடியள் பார்த்திட்டு, "முதல்ல பெயின்ற் அடியடா" எண்டாங்கள். எல்லாருக்கும் முதல்ல கண்ணில படுறது அதுதான். ஆனா அந்தப் பட்டியலில கிற்றாரின்ர வேலைக்கு இடைஞ்சல் குடுக்காத ஒரேயொரு விசயமும் அதுதான். பெயின்ற் போன இடத்தால ஒரு சுரமும் பிசகாது.

இதில ஒரு பகிடி இருக்கு. ஃபெண்டர் கம்பனியே 1995இல இருந்து புதுக் கிற்றாரைத் தேய்ச்சு, கீறி, துருப்பிடிக்க வைச்சு, 'ரெலிக்' எண்டு பேர் வைச்சுக் கூடின விலைக்கு விக்குது. காசு குடுத்துப் பொய்த் தேய்மானம் வாங்கிற ஆக்கள் இருக்கேக்க, கலியாண வீடுகளில முழங்கை தேய்ச்சு வந்த மெய்த் தேய்மானத்துக்கு மேல நான் ஏன் பெயின்ற் அடிப்பான்?

அப்ப எதைத் திருத்திறது, எதை விடுறது? இரண்டு பேரின்ர கிற்றாரைச் சொல்லுறன்.

பீட்டில்ஸ் போல் மக்கார்ட்னி 1961இல ஹம்பேர்க்கில வாங்கின ஹோஃப்னர் பேஸ் 1972இல லண்டனில களவு போனது. அம்பது வருசத்துக்கு மேல தேடி, திரும்பக் கிடைச்சதை 2024 பெப்ரவரியில அறிவிச்சினம். திருத்த வேண்டியிருந்தது, திருத்தினது. அந்த வருச டிசம்பரில லண்டன் மேடையில அதை அவர் வாசிச்சார். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க எல்லா நியாயமும் இருந்த சாமான், தோளில ஏறிச்சுது.

மற்றது இங்க பாரிசில, லாச்சப்பல்ல இருந்து கூப்பிடு தூரத்தில இருக்கு. இரண்டாம் நம்பர் மெத்ரோவில ஸ்ராலின்கிராட், அங்க ஐஞ்சாம் நம்பருக்கு மாறி போர்த் து பந்தான். லா விலெத் இசை அருங்காட்சியகத்தில ஜாங்கோ ரைன்ஹார்ட்டின்ர செல்மர் கிற்றார், இலக்கம் 503. 1953இல அவர் செத்தாப்பிறகு மனிசி 1964இல குடுத்தது. அதைத் திரும்ப ஒருத்தரும் கலியாண வீட்டுக்குக் கொண்டு போகப் போறதில்லை, போகவும் கூடாது. ஜாங்கோவின்ர கை பட்ட அடையாளத்தைத் தேய்ச்சு மினுக்கினால் பிறகு அங்க பார்க்க என்ன இருக்கு?

ஜாங்கோவைச் சொல்ல வேற காரணமும் இருக்கு. 1928இல அவரின்ர வண்டில் வீடு தீப்பிடிச்சு இடது கை எரிஞ்சது. மோதிர விரலும் சின்ன விரலும் பிறகு சரிவர மடங்கேல்லை. ஓடி ஓடி வாசிக்கிற பகுதியெல்லாம் சுட்டுவிரலாலயும் நடுவிரலாலயும்தான்.

அண்ணைக்கும் அதே இரண்டு விரல்.

இதை அண்ணையிட்ட நான் சொல்ல, "தம்பி, அவர் ஜாங்கோ. நான் பார்பேஸ்ல கத்தரிக்காய் வாங்கிற ஆள்" எண்டார். ஆனா பிறகு இரண்டு தரம், "அவர் எந்தப் பக்கத்து விரல் எண்டனீ?" எண்டு கேட்டார். அண்டைக்குத்தான் எனக்கு இந்தத் திருத்து ஆருக்காக எண்டு தெரிஞ்சது. கடையில நிக்கிற சராசரிக் கைக்கு ஒரு அளவு இருக்கு. இந்தக் கிற்றாரை நான் அந்த அளவுக்கு வைக்கேல்லை. இரண்டு விரல் உள்ள ஒரு கைக்கு வைச்சன்.

இனி வேலை. ஒண்டில தொட்டால் மற்றதில இடிக்கும், அதால ஒழுங்கு முக்கியம்.

தந்தி. வழமையான தடிப்பு 45 – 105. (அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்குக் கணக்கு.) நாலு தந்தியும் சேர்ந்து கழுத்தை 80 கிலோவுக்குக் கிட்ட இழுக்கும். நான் 40 – 95 வாங்கினன், பத்துக் கிலோவுக்குக் கிட்டக் குறையும். விரலுக்கு அது பெரிய வித்தியாசம். ஜேம்ஸ் ஜேமர்சன் எண்ட மோட்டவுன் மேதை, தந்தி அறுந்தாலொழிய மாத்தவே மாட்டாராம். தட்டைச் சுற்றுத் தந்தி, பழகப் பழக மெதுமை. ஆனா அந்த வகை பெரும்பாலும் விறைப்பு. மெதுவான விறைப்பில வியன்னாவில செய்யிறதும் இருக்கு, அதின்ர விலையில நான் இரண்டு கிழமை சாப்பிடலாம்.

கழுத்து. கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது. தந்தி முன்னுக்கு இழுக்க, கம்பி பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சமனாக நிக்கவேணும். தந்தியை முதலாம் மெட்டிலயும் கழுத்து உடலைச் சந்திக்கிற மெட்டிலயும் அமத்திப் பிடிச்சால், தந்தியே ஒரு அடிமட்டம். நடுவில, ஏழாம் எட்டாம் மெட்டடியில, ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு இடைவெளி இருந்தால் போதும். 0.3 மில்லிமீற்றர் அளவு. எனக்கு இரண்டு மில்லிமீற்றருக்குக் கிட்ட இருந்தது. அலன் கீயால கால் சுத்து இறுக்கி, தந்தியைச் சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டு, பிறகு இன்னொரு கால் சுத்து. மரத்துக்கு அவசரம் விளங்காது. கீ அசையாமல் நிண்டால் பலத்தைக் காட்டாதேங்கோ. கம்பி அறுந்தால் பிறகு கழுத்தே மாத்தவேணும்.

மெட்டு. நோகிற கைக்குத் தந்தி பதிவாக இருக்கவேணும். பதிவாக இருக்கவேணுமெண்டால் 20 மெட்டும் ஒரே மட்டத்தில இருக்கவேணும், ஒண்டு உயர்ந்தால் தந்தி அதில தட்டி 'ர்ர்ர்' எண்டும். வங்கி அட்டையின்ர நேர் விளிம்பை மூண்டு மெட்டுக்கு மேல வைச்சுப் பாருங்கோ. சீசோ மாதிரி ஆடினால் நடு மெட்டு உயரம். பிகால் பக்கம் ஒரு இடத்தில விசாரிச்சன், சமன்செய்ய 120 யூரோ. கிற்றாரே நாப்பது! ஆகவே நானே: விரற்பலகையில ஒட்டு ரேப் ஒட்டி மரத்தை மூடி, மெட்டுத் தலைகளில மார்க்கர் பேனையால மை பூசி, நேரான அலுமினியத் துண்டில அரத்தாள் ஒட்டி, பாரம் குடுக்காமல் நீளப் போக்கில தேய்க்கவேணும். மை போன இடம் உயரம், மை நிண்ட இடம் பள்ளம். எல்லா மெட்டிலயும் மை போகத் தொடங்கேக்க நிப்பாட்டவேணும். பிறகு தட்டையான தலையைச் சின்ன அரத்தால திரும்ப உருட்டாக்கி மினுக்கவேணும். மூண்டு ஞாயிறு போச்சுது. சித்தப்பா பால்கனியில வந்து பார்த்திட்டு, "இதைவிட அம்மி பொளியலாம்" எண்டு சொல்லிப் போனார்.

பள்ளம் எல்லாம் முழுக்கப் போகேல்லை. இரண்டாம் மூண்டாம் மெட்டில இன்னும் தெரியுது. முழுக்கப் போக்கினால் மற்ற மெட்டுகளில ஒண்டும் மிஞ்சாது.

வெள்ளைக் கட்டை. தலைப்பக்கம் தந்தி வந்து குந்திற சின்னக் கட்டை. அதின்ர வெட்டு உயரமாக இருந்தால் முதல் மெட்டு அமத்திறது பெரிய பாடு. இதை நான் தொடேல்லை. சரியான தடிப்பில அரம் வேணும், ஒரு உரசல் கூடினால் கட்டை குப்பைக்கு. திருத்திறவர் ஒருத்தரிட்டக் குடுத்து 25 யூரோவுக்குப் பதிப்பிச்சன். எல்லாத்தையும் தானே செய்யவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை.

மின்சாரப் பக்கம். இதில பற்றரி ஒண்டும் இல்லை, காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான். குமிழுக்குள்ள தொடுப்புச் சுத்திகரிக்கிற ஸ்பிரே இரண்டு சொட்டு, முப்பது தரம் அங்கால இஞ்சால திருப்ப அப்பளம் நிண்டது. செருகிற இடத்தில ஈயம் விட்டிருந்தது, திரும்பப் பிடிச்சன். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைஞ்சால் குதிரைக்குக் கீழ போற நில வயர் சரி, குறையாட்டி அது அறுந்திருக்கும். பழைய ஈயத்தில காரீயம் இருக்கு, வேலை முடிய கை கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ. அம்ப்பை மட்டும் திறக்காதேங்கோ. பிளக்கைக் கழட்டினாப்பிறகும் உள்ளுக்கு மின்சாரம் தங்கி நிக்கும்.

விரற்பலகை. ரோஸ்வூட். எங்கட ஆக்கள் ஈட்டி, தோதகத்தி எண்டு சொல்லுற மரச்சாதி. உலகக் கிற்றார்ப் பலகையில கனக்க இந்திய ஈட்டிதான். ஈரம் பிழிஞ்ச துணியால துடைச்சன். துணியில வந்த கறுப்பில பத்து வருசக் கலியாணம் இருந்தது. கொஞ்ச எண்ணெய் பூசித் துடைச்சுவிட்டன்.

கடைசியா குதிரை. இறுகின ஆணிகளுக்குத் துரு இளக்கிற எண்ணெய் விட்டு ஒரு இரவு. பிறகு பன்னிரண்டாம் மெட்டில தந்தி உயரம் 2 மில்லிமீற்றருக்கு வைச்சன். இன்னும் பதிக்கலாம்தான், ஆனா மெல்லிய தந்தி கூட அகலமாக ஆடும், மெட்டில தட்டும். சுருதிக்கு: பன்னிரண்டாம் மெட்டில அமத்தின சுரம், திறந்த தந்தியின்ர எட்டாவது சுரத்தோட பொருந்தவேணும். அமத்தினது கூடினால் குதிரையைப் பின்னுக்குத் தள்ளி நீளத்தைக் கூட்டவேணும், குறைஞ்சால் முன்னுக்கு.

மொத்தச் செலவு: கிற்றார் 40, தந்தி 22, ஸ்பிரேயும் சில்லறையும் 19, வெள்ளைக் கட்டை 25. நூற்றி ஆறு யூரோ.

இந்தச் சாமானில தந்தியின்ர நீளம் 86.4 சென்ரிமீற்றர். கணக்குப் போட்டால், முதல் மெட்டின் அகலம் 48.5 மில்லிமீற்றர். ஐஞ்சாம் மெட்டடியில 38.5. பன்னிரண்டாமில 25.7 தான். அப்ப இரண்டு விரல்காரர் கழுத்தின்ர நடுவில நிண்டு வாசிச்சால் எட்டவேண்டிய தூரம் பாதியாகுது. அதே சுரம் வேற தந்தியில, மேல கிடைக்கும். கிடைக்காதது, ஆகப் பெரிய தந்தியில முதல் நாலு மெட்டில இருக்கிற நாலு சுரம் மட்டும். அதுகளுக்கு வேற வீடு இல்லை. அதுக்குத்தான் வெள்ளைக் கட்டைக்கு 25 யூரோ.

இதையெல்லாம் ஒரு கடதாசியில கீறி அண்ணைக்குக் குடுத்தன். மடிச்சுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சார். ஒண்டும் சொல்லேல்லை.

அண்டைக்குத்தான் நான் கேட்டன், ஏன் பேஸ், எல்லாரும் மற்றக் கிற்றார்தானே பழகிறவை எண்டு. அவர் சொன்ன கதையை எழுதாமல் விட மனம் வரேல்லை.

தொண்ணூறில இருந்து யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைக் கையால சுத்த, டைனமோவில கசற் ஓடும். சுத்திறவர் களைச்சால் பாட்டும் களைக்கும். உள்ளங்கையளவு ஸ்பீக்கர். பேஸின்ர ஆகக் கீழ்ச் சுரம் செக்கனுக்கு 41 அதிர்வு, அந்த ஸ்பீக்கருக்கு அது ஏலாது. மேல இருக்கிற 82, 123 ஆன துணை அதிர்வுகளைக் கேட்டு மூளை கீழ் சுரத்தைத் தானே ஊகிச்சு நிரப்பும். "இருக்கு எண்டு தெரியும், ஆனா கேக்கேல்லை" எண்டார் அண்ணை. பாரிசுக்கு வந்து, ஆரோ ஒருத்தரின்ர காரில, கசற்றில ஏற்கெனவே நூறு தரம் கேட்ட ஒரு இளையராஜா பாட்டைக் கேட்டிருக்கிறார். சசிதரன் மாதிரி ஆக்கள் வாசிச்ச பேஸ், நெஞ்சில வந்து இடிச்சுதாம். "இவ்வளவு நாளும் பாட்டின்ர கால் இல்லாமல் கேட்டிருக்கிறன் தம்பி." அடுத்த சம்பளத்தில வாங்கினதுதான் இது.

போன ஞாயிறு ஓல்னேக்கு வந்தார். சித்தி தேத்தண்ணி குடுக்க, அதைக் குடிக்காமல் கிற்றாரைத் தூக்கி மடியில வைச்சார். வலது முழங்கை தானாகவே பெயின்ற் போன இடத்தில போய்க் குந்திச்சுது. சுட்டுவிரலும் நடுவிரலும், நான் கீறின கடதாசியைப் பார்க்காமல், ஏழாம் மெட்டடியில. முதல் பத்து நிமிசம் சுரம் பொருந்தேல்லை. பிறகு ஒரு எளிய ஓட்டம், நாலு சுரம், திரும்பத் திரும்ப. பெரிய தந்தியின்ர முதல் மெட்டு இன்னும் வில்லங்கம், இரண்டு தரத்துக்குப் பிறகு கையை உதறினார். நடுவில நிறுத்தி, "மூண்டாம் மெட்டில பள்ளம் தெரியுது" எண்டார். விடவேண்டியிருந்தது எண்டன். "விடு. அது என்ர" எண்டார்.

திரும்பக் கொண்டு போங்கோ எண்டு கேட்டன். "நாப்பது யூரோ வாங்கிப்போட்டன்" எண்டு மறுத்திட்டார். ஆனா ஞாயிறுகளில தேத்தண்ணிக்கு வருவாராம்.

இப்ப எனக்கு உங்களிட்ட ஒரு உதவி வேணும். திறந்த தந்திகளையும் கழுத்தின்ர நடுப்பகுதியையும் வைச்சே ஒப்பேத்தக்கூடிய பேஸ் உள்ள பாட்டுகள், பழசு புதுசு எதுவெண்டாலும் சரி. வாசிக்கிற ஆக்கள் இருந்தால் ஒரு பட்டியல் போடுங்கோ. கீத் பீற்றர்ஸ் வாசிச்ச ரகுமான் பாட்டுகளை இப்ப கேக்கவேண்டாம், அதுக்கு அண்ணைக்கு இன்னும் இரண்டு விரல் வேணும் :-)

அடுத்த ஞாயிறு: சித்தப்பாவின்ர குடை. சிரிக்காதேங்கோ, குடைக்குள்ள எட்டுக் கம்பி இருக்கு.